அழகம்மாவின் விரல்கள்

என்னைத் தோட்டத்தில் ‘பொட்டல டாக்டர்’ என்பார்கள். முகத்துக்கு முன்னால் டாக்டரய்யா, முதுகுக்குப் பின்னால் பொட்டலம். எனக்குத் தெரியாதென்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில், பேசுவது டிஸ்பென்சரிக்குக் கேட்காமலா போகும்? உண்மையில் நான் டாக்டரும் இல்லை. தேயிலைத் தோட்டத்தில் மருந்து கொடுத்தவன். காயத்துக்குக் கட்டுப் போட்டு, காய்ச்சலுக்குக் கலவை கொடுத்து, என் கைக்கு மீறியதை லொறியில் ஏற்றிப் பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பி, அப்படியே ஓய்வு பெற்றவன்.

போன மாதம், இப்போது என் நாற்காலியில் இருக்கும் தம்பி பண்டாரவளையில் என் வீடு தேடி வந்தார். தேநீர் கொடுத்தேன். கொஞ்ச நேரம் மழையைப் பற்றிப் பேசிவிட்டு மெல்ல ஆரம்பித்தார்.

“ஐயா, ஒண்ணு கேப்பேன், கோவிச்சுக்கக் கூடாது. மத்த மாத்திரையெல்லாம் மாத்திரையாவே குடுத்திருக்கீங்க. கால்சியத்த மட்டும் ஏங்க இடிச்சுத் தூளாக்கிப் பொட்டலம் கட்டிக் குடுத்தீங்க? அந்தப் பீங்கான் ஒரல் இன்னமும் அலுமாரியில கெடக்கு. அதக் கண்டாலே எங்க ஆளுங்களுக்குச் சிரிப்பு.”

“சிரிக்கட்டும். பல்லு இருக்கு, சிரிக்கிறாங்க” என்று வெடுக்கென்று சொல்லிவிட்டேன்.

பாவம், தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. பதில் சொல்லத் தெம்பில்லாதவனுடைய கோபம் அது. வாயால் சொல்ல முடியாததை எழுதவாவது முடிகிறதா பார்ப்போம் என்றுதான் இந்தக் கொப்பியைத் திறந்திருக்கிறேன்.

அறுபதுகளின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தேன். பரீட்சை, பதுளையில் வார்டுப் பயிற்சி, அங்கே நான் கழுவிய பாத்திரங்கள் இதையெல்லாம் எழுதினால் ஒருவரும் வாசிக்கமாட்டார்கள். ஆனால் அப்புத்தளைப் பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்கு மேலே மருந்தாளராக இருந்த சாலமன் ஐயாவைப் பற்றி எழுதாமல் முடியாது. ஒல்லியான மனிதர். அந்த மூடுபனியிலும் கஞ்சி போட்ட வெள்ளைக் காற்சட்டை. தோட்டத்துத் துரையிலிருந்து கூட்டிப் பெருக்கும் ஆள் வரைக்கும் எல்லோரையும் ‘மிஸ்டர்’ என்பார். போத்தல்களின் லேபிள்கள் எல்லாம் ஒரே பக்கம் பார்த்து நிற்க வேண்டும். ஒன்று திரும்பியிருந்தாலும் ஒன்றும் சொல்லமாட்டார், அதன் முன்னால் போய் நின்றுகொண்டு என்னையே பார்ப்பார். அதற்குப் பதில் இரண்டு அறை கொடுத்திருந்தால் தேவலை.

அவருக்கு ஒரு சட்டம் இருந்தது. மருந்து கொடுக்கும் ஜன்னலில் எதுவும் சத்தமாக நடக்க வேண்டும்.

“வாசிக்கத் தெரியாத சனத்துக்குத் துண்டுல எழுதிக் குடுத்து என்ன பிரயோசனம், மிஸ்டர்? பேரச் சத்தமாச் சொல்லணும். மருந்தச் சத்தமாச் சொல்லணும். எத்தன நேரம்னு சொல்லி, திருப்பிச் சொல்ல வைக்கணும். பின்னால நிக்கிறவளுக்கும் கேக்கணும். இவ மறந்தா அவ ஞாபகப்படுத்துவா.”

முன்னொரு காலத்தில் எந்தத் தோட்டத்திலோ பூசுகிற எண்ணெயை ஒரு பிள்ளைக்குக் குடிக்கக் கொடுத்துவிட்டார்களாம், யாரும் வாய் திறந்து சொல்லாததால். அதைப் பார்த்த பிறகு அவர் வைத்துக்கொண்ட சட்டம். நல்ல சட்டம். அவரிடம் இருந்த காலம் முழுக்க ஒரு மருந்தும் ஆள் மாறிப் போனதில்லை. இதை இப்போதே சொல்லி வைக்கிறேன், பின்னால் யாரும் அவரைக் குறை சொல்லக் கூடாது.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம், கைக்குழந்தைக்காரி ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். கூடவே வேப்பிலையும் உடுக்கையுமாகப் பூசாரியும் வந்துவிட்டார். அவளுடைய இரண்டு கையும் விறைத்திருந்தன. நாலு விரலும் நீண்டு நுனியில் கூடி, கட்டைவிரல் உள்ளே மடங்கிக் கிடந்தது. கொழுந்து கிள்ளும்போது விரல் எப்படிக் குவியுமோ அப்படி. கிள்ளிய பிறகு விரிய வேண்டுமல்லவா? விரியவில்லை. நான் இழுத்துப் பார்த்தேன், மரக்கட்டை மாதிரி இருந்தது.

“இழுக்காதீங்க மிஸ்டர். பூட்டுன கதவ ஒடைக்கக் கூடாது. சாவி இருக்கு” என்றார் சாலமன் ஐயா. பூசாரியைப் பார்த்து, “நீங்களும் இருங்க மிஸ்டர், ஒங்களுக்கும் காட்டுறேன்” என்றார்.

கால்சியம் ஊசி மருந்துக் குப்பியை எடுத்தார். குளிரில் அது ஜில்லென்று இருந்தது. தன் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்துச் சூடாகும் வரைக்கும் உருட்டினார். கழுத்தை அரத்தால் ஒரு கீறு கீறி, பஞ்சை வைத்து முறித்தார். கொதிக்க வைத்த கண்ணாடிச் சிரிஞ்சில் பத்து மில்லியையும் உறிஞ்சினார். முழங்கை மடிப்பில் இரத்த நரம்பு பார்த்து ஊசியை ஏற்றி, கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, இரத்தம் வருகிறதா என்று பார்த்தார். இரத்த நரம்புக்கு வெளியே இந்த மருந்து கசிந்தால் அந்த இடத்துச் சதையே கறுத்துச் செத்துவிடும். பிறகு பைக்கடிகாரத்தை எடுத்து அவள் வயிற்றின் மேலேயே வைத்தார். ஒரு மில்லிக்கு ஒரு நிமிடம், ஆக மொத்தம் பத்து நிமிடம். அவசரப்பட்டு ஒரே அழுத்தாக அழுத்தினால் இதயம் இறுகி அப்படியே நின்று போகும். மற்றக் கை விரலை நாடியில் வைத்தபடி, கண்ணைக் கடிகாரத்தில் வைத்தபடி, மூச்சு விடுகிறாரா என்பதே தெரியாமல் நின்றார். ஆறாவது நிமிடத்தில் அந்தப் பெண்ணுடைய கட்டைவிரல் மெல்ல வெளியே வந்தது. பூசாரி உடுக்கையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கையெடுத்துக் கும்பிட்டார்.

அன்று சாயங்காலம் நான் கேட்டேன். கால்சியம்தான் தசையை இறுக்குகிறது என்று பயிற்சியில் சொல்லித் தந்தார்கள். அப்படியானால் கால்சியம் குறைந்தவளுக்குக் கை துவளத்தானே வேண்டும், ஏன் இறுகியது?

அவருக்குக் கப்பலில் ஒரு வைத்தியச் சஞ்சிகை வரும். புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னார். “தசைக்குள்ள ரெண்டு வக நூல் இருக்கு. கால்சியம் தசைக்குள்ளயே சின்னச் சின்னப் பையில அடைஞ்சு கெடக்கு. நரம்பு உத்தரவு போட்டா பை தொறக்கும். கால்சியம் வெளிய வந்து தொட்டா, நூல் ஒண்ண ஒண்ணு பிடிச்சு இழுக்கும், தசை இறுகும். திரும்ப அத்தனையையும் பைக்குள்ள அள்ளிப் போட்டாத்தான் தளரும். ஆனா ரத்தத்துல ஓடுற கால்சியத்துக்கு வேற வேல. அது நரம்புக்குக் காவல். காவல் கொறஞ்சா நரம்பு சும்மா சும்மா உத்தரவு போடும். தசைக்கு என்ன தெரியும்? கீழ்ப்படியும்.”

கொஞ்சம் நிறுத்தி, “இறுக்கத்தான் பலம் வேணும்னு நெனைக்கிறோம். அள்ளிப் போடுறதுக்கும் பலம் வேணும் மிஸ்டர். அதனாலதான் செத்த ஒடம்பு வெறைக்குது. பலமெல்லாம் தீந்து போச்சு, தளர முடியல” என்றார். அப்போது எனக்கு அது பாடமாகத்தான் பட்டது.

அங்கே நாலு வருடம். பிறகு பூனாகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் தனிப் பொறுப்புக் கிடைத்தது. இரண்டு டிவிஷனுக்கும் நான் ஒருவன்தான். இடையே மூன்று மைல் ஏற்றம். எனக்கு உதவியாக ரோசலின் என்ற மருத்துவச்சி. நான் கத்துவேன், அவர் காதில் வாங்கமாட்டார், அப்படியே ஓடியது. சாலமன் ஐயாவின் சட்டத்தையும் கையோடு கொண்டு போயிருந்தேன். எனக்கு அவரைவிடக் குரல் பெரிது. நான் ஜன்னலில் ‘பேதி மருந்து’ என்றால் கீழ் லயத்தில் கோழி பறக்கும் என்று கேலி செய்வார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை.

எழுபதுகளின் தொடக்கம். ஒரு நாள் காலை பத்து மணி இருக்கும், கங்காணி ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

“ஐயா, இது வேஷம் போடுதுங்க. கொழுந்து பறிக்கச் சொன்னா கையக் காட்டுது” என்றார்.

அழகம்மா. முப்பத்தெட்டு, நாற்பது வயது இருக்கும். புருஷன் செத்து ஆறேழு வருடம். ஒரே மகள் தெய்வானை, அவளும் மலையில் கொழுந்து பறிப்பவள். அந்த டிவிஷனில் அழகம்மாவை வெல்லக் கொழுந்துக்காரி கிடையாது என்று அதே கங்காணிதான் ஒரு காலத்தில் சொல்வார். இப்போது இரண்டு கையும் குவிந்து விறைத்துப் போய், கூடையைக்கூட இறக்க முடியாமல் நின்றாள்.

“வேஷம் இல்லீங்க. வெரலு என் பேச்சக் கேக்க மாட்டேங்குது” என்றாள். அழவில்லை. தன் கையைப் பார்க்க அவளுக்கே வெட்கமாக இருந்தது போலிருந்தது.

சேலைத் தலைப்பை விலக்கிக் கழுத்தைப் பார்த்தேன். அடியில் குறுக்கே ஒரு தழும்பு. எங்கள் பக்கத்தில் கழுத்துக் கழலை சாதாரணம். அவளுக்குப் பெரிதாகி, தூரத்துப் பெரிய ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்து ஆறு மாதமாகியிருந்தது. அந்தக் கழலைக்குப் பின்னால் பச்சரிசி அளவில் நாலு சுரப்பி ஒட்டிக்கொண்டிருக்கும். இரத்தத்தில் கால்சியத்தைக் காப்பது அந்த நாலும்தான். கழலையோடு அவையும் போய்விடுவது எவ்வளவு தேர்ந்த கைக்கும் நேரக்கூடியது. ஆஸ்பத்திரித் துண்டில் ஆங்கிலத்தில் தெளிவாக எழுதியிருந்தார்கள், ஆயுசு முழுக்கக் கால்சியம் மாத்திரை சாப்பிட வேண்டும் என்று. அவள் அதை மடித்துச் சாமி படத்துக்குப் பின்னால் பத்திரமாக வைத்திருந்தாள். கொடுத்து விட்ட மாத்திரை தீர்ந்ததும் சுகமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டாள்.

குப்பியை உள்ளங்கையில் சூடாக்கினேன். கடிகாரத்தை மேசையில் வைத்தேன். பத்து நிமிடம். கங்காணியையும் போகவிடாமல் பக்கத்தில் நிறுத்தினேன்.

“ஒடம்பெல்லாம் வெந்நி ஓடுற மாதிரி இருக்குங்க” என்றாள் பாதியில். கடைசியில் விரல் ஒவ்வொன்றாக விரிந்தது. எழுந்து உட்கார்ந்து, கையை முன்னால் நீட்டி, விரலை மடக்கி மடக்கி விரித்துப் பார்த்துச் சிரித்தாள். கங்காணி பக்கம் திரும்பி, “பாத்துக்கிட்டீங்களா?” என்று கேட்டாள். எனக்கு அன்று தலைகால் புரியாத சந்தோஷம்.

“இது ஒடம்புக்குச் சுண்ணாம்புச் சத்து. நாளுக்கு மூணு வேள, வேளைக்கு ரெண்டு மாத்திர. ஒரு வேள தவறுனா கை திரும்பவும் பூட்டிக்கும்” என்றேன். தொண்டையும் இப்படி இறுகலாம், மூச்சே நின்று போகலாம் என்பதைச் சொல்லவில்லை. பயந்துவிடுவாளே என்று நினைத்தேன். அது என் முதல் பிழை.

கால்சியம் மாத்திரையை நாங்கள் செவ்வாய்க்கிழமை மட்டும்தான் கொடுப்போம். அன்று பிள்ளைத்தாச்சிகளை ரோசலின் பார்க்கும் நாள். புளியங்கொட்டைப் பருமனில் வெள்ளை மாத்திரை அது. அந்தத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் அதன் பெயர் தெரியும்: புள்ளத்தாச்சி மாத்திரை. மறுநாளே செவ்வாய், அழகம்மா வரிசையில் கடைசியில் வந்து நின்றாள், முன்னால் எல்லாம் வயிறு தள்ளியவர்கள். அவள் முறை வந்தது. நான் என் வழக்கப்படி ஆரம்பித்தேன்.

“அழகம்மா! கால்சியம் மாத்திர! காலையில ரெண்டு, மத்தியானம் ரெண்டு, ராவைக்கு ரெண்டு! திருப்பிச் சொல்லு!”

வாய்க்குள் முணுமுணுத்தாள். “கேக்கல!” என்றேன். கொஞ்சம் உரக்கச் சொன்னாள். கடதாசிச் சுருளை வாங்கி, சட்டென்று முந்தானைக்குள் மறைத்தாள்.

அப்போது நான் சொன்னேன். வேறு யாரும் சொல்லவில்லை, நான்தான். “என்ன அழகம்மா, நெசமாவே புள்ளத்தாச்சி மாதிரி ஒளிக்கிற?”

வரிசை முழுக்கக் கொல்லென்று சிரித்தது. நானும் சிரித்தேன். அழகம்மாவும் சிரித்தாள், அதுதான் இன்றைக்கும் என்னை அறுக்கிறது. சிரித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு, குறுக்குப் பாதையில் இறங்கிப் போனாள். என் வாயில் புழு விழ.

அதற்குப் பிறகும் ஒவ்வொரு செவ்வாயும் வந்தாள். நான் சத்தமாகச் சொல்ல, அவள் திருப்பிச் சொல்ல, சுருளை வாங்கிக்கொண்டு போவாள். “சாப்பிடுறியா?” என்றால், “சாப்பிடுறேங்க.” நான் பதிவேட்டில் ஒரு சரி போடுவேன். அந்த நாட்களில்தான் தெய்வானைக்குப் பக்கத்துத் தோட்டத்தில் மாப்பிள்ளை பேசி முடித்திருந்தார்கள். தெரிந்த சனம்தான், கொஞ்சம் கறாரானவர்கள். வைகாசியில் கல்யாணம் என்று அழகம்மாவே சொன்னாள்.

ஒரு காலையில் அடுத்த டிவிஷனுக்கு ஏறிக்கொண்டிருந்தேன். பெரட்டில் ஆளைக் கணக்கெடுத்து வேலைக்கு அனுப்பிய பிறகு கூடையோடு எதிரே வந்த அழகம்மா, ஓரமாக ஒதுங்கி நின்றாள்.

“ஐயா, அன்னைக்கிச் சுண்ணாம்புச் சத்துன்னு சொன்னீங்களே. வெத்தலையில தடவுறோமே, அந்தச் சுண்ணாம்புதானுங்களா?”

எனக்கு மேலே ஒரு காய்ச்சல்காரன் காத்திருந்தான். மூச்சு வேறு வாங்கியது. “ஆமா, ஆமா, எல்லாம் அதே வகதான். மாத்திரைய ஒழுங்கா சாப்பிடு, போ” என்று நடந்துகொண்டே சொன்னேன். அவள் ஏன் கேட்கிறாள் என்று ஒரு நிமிடம் நின்று கேட்டிருந்தால்! பத்து நிமிடம் நின்று ஊசி போடத் தெரிந்தவனுக்கு ஒரு நிமிடம் நிற்கத் தெரியவில்லை.

இரண்டு மூன்று வாரம் கழித்து வாய்ப்புண்ணோடு வந்தாள். நாக்கும் கன்னத்து உள்பக்கமும் வெந்து தோலுரிந்து கிடந்தன. ஊதா மருந்தைத் தடவிக்கொண்டே ஏசினேன். “வெத்தல போடுறியா, இல்ல சுண்ணாம்பையே அள்ளித் திங்கிறியா? கல்யாணத்துக்கு வாறவங்க ஒன் வாயப் பாத்தா பயந்துருவாங்க!” அவள் வாயைத் திறந்தபடியே தலையாட்டினாள். அன்று கையில் இரத்த அழுத்தப் பட்டியைக் கட்டி மூன்று நிமிடம் இறுக்கி வைத்திருந்தால் போதும், விரல் குவிந்து காட்டிக் கொடுத்திருக்கும். அந்தச் சோதனை எனக்குத் தெரியும். செய்யவில்லை. பதிவேட்டில்தான் வாராவாரம் சரி போட்டிருந்தேனே.

கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. பகல் பன்னிரண்டு மணி போல, நான் மேல் டிவிஷனில் இருந்தேன். கங்காணியே ஓடி வந்தார், அந்த ஏற்றத்தில், அந்த வயதில்.

“ஐயா, அழகம்மா! கை பூட்டிக்கிச்சு. தொண்டையில விசில் அடிக்குதுங்க!”

பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஓடினேன் என்று சொல்வதைவிட விழுந்து விழுந்து போனேன் என்று சொல்லலாம். மலையில் சாக்கை விரித்துப் படுக்க வைத்திருந்தார்கள். தெய்வானை தாயின் தலையை மடியில் வைத்திருந்தாள். உதடு நீலம். ஒவ்வொரு மூச்சும் கூவிக்கொண்டு உள்ளே போனது. குரல்வளைத் தசை இறுகிவிட்டது. கழுத்தில் துளை போட எனக்குப் பயிற்சியும் இல்லை, கருவியும் இல்லை. இருந்தது ஒரு குப்பி கால்சியம். சூடாக்க நேரமில்லை. இரத்த நரம்பில் ஏற்றினேன். கடிகாரத்தைச் சாக்கின் மேல் வைத்தேன்.

மெதுவாகப் போட்டால் மூச்சு நிற்கும். வேகமாகப் போட்டால் இதயம் நிற்கும். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். அவள் கண் என்னையே பார்த்தது. எல்லாம் தெரிந்த ஆள் கையில்தான் இருக்கிறோம் என்று நம்புகிறவளுடைய பார்வை அது. நாலாவது நிமிடத்தில் கூவல் நின்றது. தளர்ந்துவிட்டது என்று ஒரு கணம் நினைத்தேன். இல்லை, மூச்சே நின்றுவிட்டது. மிச்சத்தை ஒரே அழுத்தாக அழுத்தினேன். நெஞ்சை அமுக்கினேன். வாயோடு வாய் வைத்து ஊதினேன். ரோசலின் வந்து என் தோளைப் பிடித்து நிறுத்தும் வரைக்கும் ஊதிக்கொண்டேயிருந்தேன்.

லயத்துக்குக் கொண்டு போய்க் கிடத்தினார்கள். பெண்கள் கையை நெஞ்சில் சேர்த்து வைக்கப் பார்த்தார்கள். கை வந்தது, விரல்தான் விரியவில்லை. “ஐயா, நீங்க கொஞ்சம் பாருங்களேன்” என்று யாரோ கூப்பிட்டார்கள். நான் பிடித்துப் பார்த்தேன். கொழுந்து கிள்ளுகிற குவிப்பு. தளர்வதற்குப் பலம் வேண்டும் என்று சாலமன் ஐயா சொன்னது அந்த நேரம்தான் உறைத்தது. “அப்பிடியே விடுங்க” என்றேன்.

பிறகு எனக்கு என்ன வந்ததோ, செத்த வீட்டில் நின்றுகொண்டு கத்தினேன். “மாத்திர சாப்பிட்டாளா, இல்லையா? உண்மையச் சொல்லு!”

தெய்வானை எழுந்து போய் ஒரு பால்மா டின்னைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். திறந்தேன். நான் சுற்றிக் கொடுத்த கடதாசிச் சுருள்கள், ஒன்றும் பிரிக்காமல், வாரம் வாரமாக அடுக்கியிருந்தன.

“கல்யாணம் முடியட்டும், பொறகு சாப்பிடுறேன்னு சொல்லுச்சுங்க அம்மா” என்றாள்.

“ஏம்மா? ஏன்?”

ரோசலின்தான் தாழ்ந்த குரலில் சொன்னார். “புருஷன் இல்லாதவளுக்குப் புள்ளத்தாச்சி மாத்திரயாமேன்னு மாப்ள தோட்டம் வரைக்கும் பேச்சுப் போயிருச்சுங்க. மாப்ள வீட்டுல விசாரிச்சிருக்காங்க. அதெல்லாம் நான் சாப்பிடவே இல்லன்னு சாமி படத்துல அடிச்சுச் சத்தியம் பண்ணியிருக்கா. சத்தியம் பண்ணிட்டு எப்பிடிங்க சாப்பிடுவா? வாங்காம விட்டா நீங்க ஆள் விட்டுச் சத்தம் போடுவீங்களேன்னுதான் வாங்கிக்கிட்டு இருந்திருக்கா. வெத்தலையில மூணு மடங்கு சுண்ணாம்பு தடவித் தின்னா. வெத்தலைக்கு யாரும் பேர் வைக்கமாட்டாங்களே.”

அவள் மருந்தை மறுக்கவில்லை. யாரும் சிரிக்காத மருந்து ஒன்றைத் தேடியிருக்கிறாள். அந்த வழியை நடந்துகொண்டே காட்டிக் கொடுத்தவன் நான். வாய் வெந்தபோது ஏசியவனும் நான்.

காரியம் முடிந்த பிறகு பண்டாரவளைக்குப் போனேன். சாலமன் ஐயா அதற்குள் ஓய்வு பெற்று அங்கே இருந்தார். முழுவதையும் சொன்னேன். நான் ஒரு ஆறுதலுக்குத்தான் போயிருந்தேன், அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்.

“அந்தச் சுண்ணாம்புதான் அவள அத்தன நாள் நிறுத்தி வச்சிருக்கும். கொஞ்சமாவது ரத்தத்துல சேந்திருக்கும்” என்றார். பிறகு, “சத்தமாச் சொல்லணும்னு சொன்னது நான்தானே, மிஸ்டர்” என்றார். அவர் குரல் அவ்வளவு தணிந்து நான் கேட்டதில்லை. நானும் அழுதேன், அவரும் அழுதார். தேவையில்லாமல் போத்தல்களைத் துடைக்கிற மாதிரி மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்த வாரம் பீங்கான் உரலை இறக்கினேன். கால்சியம் மாத்திரை எவருக்கானாலும் இடித்துத் தூளாக்கி, பெயர் எழுதாத பொட்டலமாகக் கட்டினேன். செவ்வாய்க்கிழமை என்பதையும் எடுத்துவிட்டேன். ஒவ்வொருவரையும் உள்ளே கூப்பிட்டு, கதவைச் சாத்தி, காதோடு சொன்னேன். கோழி பறக்கிற குரல் போனதும் ‘டாக்டரய்யாவுக்குத் தொண்டை கெட்டுப் போச்சு’ என்று பேசிக்கொண்டார்கள். பிறகு பொட்டல டாக்டர் என்று பெயர் வைத்தார்கள்.

தெய்வானைக்கு ஒரு வருடம் தள்ளிக் கல்யாணம் நடந்தது, அதே மாப்பிள்ளைதான். நான் போகவில்லை. போக முகம் இல்லை. தலைப் பிரசவத்துக்குத் தாய் வீடு இல்லாதவளாக, சித்தி வீட்டுக்கென்று எங்கள் தோட்டத்துக்கு வந்தாள். ஏழு மாதம். ரோசலின் பார்த்துவிட்டு என்னிடம் அனுப்பினார். கதவைச் சாத்திவிட்டுப் பொட்டலங்களை நீட்டினேன். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று, ராவைக்கு ஒன்று என்றேன், காதோடு.

அவள் ஒரு பொட்டலத்தைப் பிரித்தாள். தூளைப் பார்த்தாள். விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்தாள்.

“இது அந்த வெள்ள மாத்திரதானுங்களே?”

“ஆமாம்மா.”

கோபமே இல்லாமல், ஏதோ விலை கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

“அன்னைக்கே இப்பிடி இடிச்சுக் குடுத்திருக்கலாமுங்களே, ஐயா?”

அவள் பொட்டலத்தைப் பழையபடி மடித்து, மற்றதோடு சேர்த்து முந்தானையில் முடிந்துகொண்டு, கதவைத் திறந்து வெளியே போனாள்.